சைக்கிள் டு வொர்க்: 42% மிச்சம் என்கிறார்கள், நிஜமா?

ஈஸ்ட்ஹாம்வாசி
எங்கள் ஆபீஸில் இந்த மாதம் சைக்கிள் டு வொர்க் திட்டம் (வேலைக்குப் போய் வரச் சைக்கிள் தந்துவிட்டு, மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பது) தொடங்கியிருக்கிறார்கள். ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலில் கொட்டை எழுத்தில் “42% வரை சேமிக்கலாம்” என்று போட்டிருக்கிறது. இருப்பது லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஆபீஸ் ஆல்ட்கேட் பக்கம். காலை நேர ட்யூப் ரயிலில் நசுங்கிப் போவதற்குச் சைக்கிளே மேல் என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. ஒரு ஹைப்ரிட் சைக்கிள், பூட்டு, ஹெல்மெட், விளக்கு எல்லாம் சேர்த்து 1,200 பவுண்டுக்குள் முடிக்கப் பார்க்கிறேன். வருடச் சம்பளம் 38,000 பவுண்டு.

42 சதவீதம் உண்மையிலேயே கிடைக்குமா? சைக்கிள் எப்போது எனக்குச் சொந்தமாகும்? நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும்? மெயிலில் இருந்த லிங்க்கைத் திறந்து படித்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். ஏற்கெனவே எடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

சம்பளச்சீட்டு
தம்பி, நான் பல வருடமாக பேரோல் (சம்பளக் கணக்கு) வேலை பார்க்கிறேன். இந்தத் திட்டம் மாதா மாதம் என் மேசைக்கு வரும். 42 உங்களுக்கான எண் இல்லை. 50,270 பவுணுக்கு மேல் உழைப்பவருக்கு 40 வீத வருமான வரி, 2 வீத நேஷனல் இன்சூரன்ஸ் (வரி மாதிரியே சம்பளத்தில் அரசுக்குப் பிடிக்கும் சமூகக் காப்புப் பணம்). இரண்டையும் கூட்டினால் 42. உங்கள் சம்பளத்துக்கு 20-உம் 8-உம், ஆக 28.

நடப்பது இதுதான். கம்பனி சைக்கிளை வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. நீங்கள் வரிக்கு முந்தைய சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறீர்கள். விட்டுக்கொடுத்த காசுக்கு வரியும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த சலுகை இது. 1,200 பவுணை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 100. ஆனால் கைக்கு வரும் சம்பளம் 72 தான் குறையும். வருடத்துக்கு 864.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். இனித்தான் விஷயம். அந்தப் பன்னிரண்டு மாதமும் நீங்கள் கட்டியது வாடகை. சைக்கிள் இன்னும் கம்பனியுடையது, அல்லது இடையில் நிற்கும் திட்ட நிறுவனத்துடையது. “முடிவில் சைக்கிள் உங்களுக்கே” என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தால் அது வாடகை இல்லை, தவணைக் கொள்முதல், சலுகை போய்விடும். அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் எல்லா மெயிலும் மழுப்பும்.

சைக்கிளை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் அன்றைய மதிப்பைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு வரித்துறை ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுணுக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு ஒரு வருட முடிவில் 25 வீதம், நான்கு வருட முடிவில் 7 வீதம். 500-க்குக் கீழே என்றால் 18, 3. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு வருடத்தில் வாங்கினால் இன்னொரு 300 பவுண். 864-உம் 300-உம் 1,164. மிச்சம் 36 பவுண். இதற்கா இவ்வளவு படிவம்?

அதற்குத்தான் நீட்டித்த வாடகை என்று ஒரு வழி. 7 வீதத்தை, உங்கள் விஷயத்தில் 84 பவுணை, வைப்புப் பணமாகக் கட்டிவிட்டு மேலும் மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் ஓட்டலாம். நான்கு வருடம் முடியும்போது சைக்கிளின் மதிப்பும் 7 வீதம்தான். வைப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளை உங்களிடமே விட்டுவிடுவார்கள். மொத்தம் 948, மிச்சம் 252. மெயிலில் 42, சம்பளச்சீட்டில் 28, கடைசியில் கையில் 21.

ஈஸ்ட்ஹாம்வாசி
அண்ணா, ரொம்ப நன்றி. இப்படி ஒருத்தர்கூட விளக்கவில்லை. நீட்டித்த வாடகை எல்லாக் கம்பெனியிலும் உண்டா?

சம்பளச்சீட்டு
இல்லை. அது கம்பனி எந்தத் திட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹெச்.ஆரிடம் “வாடகைக் காலம் முடிந்த பிறகு என்னென்ன வழிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீதம்” என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

குரோய்டன்பட்டறை
நான் கடைக்காரன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சைக்கிள் கடையில் மெக்கானிக். இந்தத் திட்டத்தில் விற்கும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் கடை, திட்ட நிறுவனத்துக்குக் கமிஷன் கட்ட வேண்டும். அதனால் தள்ளுபடி விலையில் தொங்கும் சைக்கிளைப் பல கடைகள் இந்தத் திட்டத்தில் தரமாட்டார்கள், தந்தாலும் மேலே கொஞ்சம் கேட்பார்கள். சின்னக் கடைக்கு அந்தக் கமிஷனைக் கொடுத்த பிறகு ஒரு டியூப் விற்ற லாபம்தான் மிஞ்சும். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே, முதலில் கடைக்குப் போய்க் காசு கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். இலையுதிர் காலத்தில் போன வருட மாடலை இறக்குவார்கள். 1,200 பவுண் சாமான் 900-க்கு வந்தால், திட்டத்தில் போய் 948 கொடுப்பதை விட அது மலிவு. அன்றைக்கே உங்கள் சைக்கிள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் 900 பவுண் ஒரே தடவையில் கையில் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வட்டியில்லாமல் ஒரு வருடத்துக்குப் பிரித்துக் கட்டலாம் என்பதுதான் என் கண்ணில் இந்தத் திட்டத்தின் பெரிய வசதி. வரி மிச்சம் அடுத்தது.

சைக்கிள் எடுக்கும்போது ஒன்று பாருங்கள். பின் சக்கர அச்சுக்குச் சற்று மேலே ஃபிரேமில் இரண்டு பக்கமும் சின்னத் திருகுத் துளைகள் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு துளை இருந்தால் மட்கார்டும் மாட்டலாம், கேரியரும் மாட்டலாம். துளை இல்லாத வழவழப்பான ரேஸ் ஃபிரேமை எடுத்துவிட்டு நவம்பரில் முதுகெல்லாம் சேறு அடித்துக்கொண்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். அது சங்கிலியைத் தின்றுவிடும். வீட்டுக்குப் போனதும் ஒரு பழந்துணியால் துடைத்து எண்ணெய் விட்டால் சங்கிலி ஒரு சீசன் கூடுதலாக உழைக்கும்.

பூட்டு, ஹெல்மெட், விளக்கு, மட்கார்டு, பக்கப் பை, காற்றுப் பம்பு, பிள்ளைகளை வைக்கும் இருக்கை எல்லாம் திட்டத்துக்குள் வரும். காரில் மாட்டும் ரேக் வராது. சோல்ட் செக்யூர் கோல்ட் அல்லது டைமண்ட் முத்திரை உள்ள டி-பூட்டு வாங்குங்கள். பூட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழையபேட்டை
எதற்கு இவ்வளவு சிக்கல்? ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 150 பவுண்டுக்கு நல்ல சைக்கிள் கிடைக்கிறது. எடுத்தோமா, ஓட்டினோமா என்று இல்லாமல் நான்கு வருட ஒப்பந்தமாம். சலுகை என்ற பெயரில் நம்மைக் கட்டிப் போடும் வேலை இது.

குரோய்டன்பட்டறை
கிடைக்கும், மறுக்கவில்லை. என் சைக்கிளும் பழசுதான். ஆனால் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அதை பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டு, திருட்டுச் சைக்கிளா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். லண்டனில் 150-க்கு வரும் நல்ல சைக்கிளில் எத்தனை யாரோ ஒருவர் ஸ்டேஷன் வாசலில் தேடிக்கொண்டிருக்கும் சைக்கிள் என்று எனக்குத் தெரியும்.

ஷிஃப்ட்முடிந்தது
இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன், லெஸ்டர். 2025-இல் மணிக்கு 12.40 பவுண்டு. எங்கள் ஹோமிலும் இந்தத் திட்டம் இருக்கிறது. ஆசையாக விண்ணப்பித்தேன், “உங்களுக்குத் தகுதி இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால், சம்பளத்தில் பிடித்தால் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து பஸ் கிடையாது. டாக்ஸிக்குக் கொடுத்தால் முதல் ஒரு மணி நேரச் சம்பளம் அதிலேயே போய்விடும். சைக்கிள் உண்மையிலேயே தேவைப்படுவது என்னைப் போன்றவர்களுக்குத்தானே? ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் சலுகையா?

சம்பளச்சீட்டு
அக்கா, அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். 2025 ஏப்ரலிலிருந்து 21 வயது முதல் உள்ளோருக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. உங்களுக்கும் அதற்கும் இடையில் 19 பென்ஸ். வாரம் 37.5 மணி நேரம் என்றால் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 370 பவுண் அளவுதான் பிடிக்க இடம் இருந்தது. நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. இறக்கினால் கம்பனிதான் மாட்டும்.

டாக்லண்ட்ஸ்காரன்
கோபப்படாதீர்கள், தகவலுக்காகச் சொல்கிறேன். ஒரு லட்சத்துக்கு மேல் 125,140 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம் இன்னும் லாபம். ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வரம்பில் 1 பவுண்டு குறைந்துகொண்டே போவதால் அந்த இடைவெளியில் வரி 60%, இன்சூரன்ஸோடு 62%. நான் 3,000 பவுண்டுக்கு கார்கோ இ-பைக் எடுத்தேன், பிள்ளைகளை நர்ஸரியில் விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போகலாம் என்று. சம்பளத்தில் குறைந்தது 1,140. முடிவில் அந்த 7% வைப்புப் பணம் 210. மொத்தம் 1,350.

ஷிஃப்ட்முடிந்தது
ஆக, லட்சம் வாங்குகிறவருக்கு 3,000 பவுண்டு வண்டி பாதி விலைக்கும் கீழே. எனக்கு 400 பவுண்டு சைக்கிள் முழு விலைக்கு. நல்ல நியாயம்.

டாக்லண்ட்ஸ்காரன்
அக்கா, சட்டத்தை நான் எழுதவில்லையே.

பழையபேட்டை
சட்டத்தை எழுதாவிட்டாலும் அதில் சவாரி செய்கிறீர்கள் அல்லவா! அவர் கேட்பது சரியான கேள்வி. வரிச்சலுகையாகக் கொடுக்கும் எந்த உதவியும் இப்படித்தான். யார் அதிக வரி கட்டுகிறாரோ அவருக்கே அதிகம். அரசு நிஜமாகவே ஆட்களைச் சைக்கிளில் ஏற்ற நினைத்தால் கடையில் காட்டும் கூப்பனாக எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்திருக்கலாம்.

சம்பளச்சீட்டு
பழையபேட்டையோடு நான் ஒத்துப்போவது அபூர்வம். இந்த முறை அவர் சொல்வது சரி. கம்பனிக்கும் இதில் லாபம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் சம்பளத்துக்கு அவர்கள் கட்ட வேண்டிய 15 வீத நேஷனல் இன்சூரன்ஸும் மிச்சம். அதில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் முதலாளியை நான் இதுவரை காணவில்லை.

ஷிஃப்ட் அக்கா, உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சம்பளத்தை விட்டுக்கொடுக்காமல், வேலை கொடுப்பவரிடம் வட்டியில்லாக் கடனாகக் கேளுங்கள். ரயில் சீசன் டிக்கெட்டுக்குப் பல இடங்களில் கொடுக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி. 10,000 பவுணைத் தாண்டாத கடனுக்கு வட்டி வாங்காவிட்டாலும் வரிப் பிரச்சினை இல்லை. கடனைத் திருப்பிப் பிடிப்பதற்கு அந்தக் குறைந்தபட்ச ஊதியத் தடையும் இல்லை. வரி மிச்சம் கிடைக்காது, ஆனால் மாதம் 33 பவுண் சொச்சம் கட்டி ஒரு வருடத்தில் 400 பவுண் சைக்கிள் உங்கள் கையில். மேனேஜரிடம் கதைத்துப் பாருங்கள். விசாவுக்கான சம்பள வரம்பை ஒட்டி இருப்பவர்கள் மட்டும் எந்தச் சம்பளப் பிடிப்பிலும் கையெழுத்துப் போடுமுன் ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட்முடிந்தது
இது தெரியாது அண்ணா. கேட்டுப் பார்க்கிறேன். நன்றி.

வார்டுநம்பர்ஆறு
நான் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நர்ஸ். பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, எந்த மெயிலிலும் இருக்காது. குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் இப்போது சேராதீர்கள். சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தின் முதல் ஆறு வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90%. அந்தச் சராசரியைக் கர்ப்பத்தின் நடுவில் ஒரு எட்டு வாரச் சம்பளத்தை வைத்துத்தான் எடுப்பார்கள். அந்த எட்டு வாரமும் சைக்கிளுக்காகச் சம்பளம் குறைந்திருந்தால் மகப்பேறு ஊதியமும் குறையும். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் இப்படித்தான் சைக்கிளும் எடுத்து, அதை ஓட்டவும் முடியாமல், விடுப்புச் சம்பளமும் குறைந்து நின்றார்.

பென்ஷனும் அப்படியே. எங்கள் 2015 பென்ஷன் திட்டத்தில் வருடச் சம்பளத்தில் 54-இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும். 1,200 பவுண்டு விட்டுக்கொடுத்தால் வருடாந்திரப் பென்ஷனில் 22 பவுண்டு போகும். சின்னத் தொகைதான், ஆனால் அது சாகும் வரைக்கும் குறையும் தொகை. பென்ஷனுக்குக் கட்டும் சந்தாவும் சிறிது குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் இதெல்லாம் தெரிந்தேதான் எடுத்தேன். இரவு ட்யூட்டி முடிந்து வெறிச்சோடிய ரோட்டில் வீட்டுக்குப் போகும் சுகத்துக்கு 22 பவுண்டு கொடுக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி
வேலையை விட்டால், அல்லது அவர்களே அனுப்பிவிட்டால்? எங்கள் டீமில் இப்போது காற்று அவ்வளவு நன்றாக இல்லை.

மில்டன்கீன்ஸ்
அனுபவம் பேசுகிறது. ஆட்குறைப்பில் போனேன். பாக்கி இருந்த மாதங்களின் முழுத் தொகையையும் கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், அதுவும் வரி போன பிறகு வரும் பணத்திலிருந்து. அதாவது மாதம் 72 கொடுத்த இடத்தில் மீதி மாதங்களுக்கு 100, 100 ஆக. வேலையும் போன மாதத்தில் அது வலித்தது. எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்ததுதான், யாரும் ஏமாற்றவில்லை. காற்று சரியில்லை என்கிறீர்கள், தம்பி. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

வார்டுநம்பர்ஆறு
திருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் போனாலும் சம்பளத்தில் பிடிப்பது நிற்காது. வீட்டுப் பொருள் இன்சூரன்ஸில் சைக்கிளுக்குத் தனி வரம்பு இருக்கிறதா, வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்திருக்கும்போதும் செல்லுமா என்று பாருங்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. சைக்கிளைப் பூட்டியிருந்தார், ஆனால் அசையாத எதிலும் சேர்த்துப் பூட்டவில்லை. பூட்டோடு தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

லிஃபிக்கரை
டப்ளினிலிருந்து. உங்கள் அட்டவணையைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அயர்லாந்தில் 2009-இலிருந்து இதே பெயரில் திட்டம் இருக்கிறது. சாதாரண சைக்கிளுக்கு 1,250 யூரோ வரை, இ-பைக்குக்கு 1,500, கார்கோவுக்கு 3,000. நான்கு வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். வாடகை, கடைசி மதிப்பு என்ற பேச்சே இல்லை, சைக்கிள் முதல் நாளே நம்முடையது. உச்சவரம்பு இருப்பதால் டாக்லண்ட்ஸ் அண்ணன் போன்றவர்கள் அள்ளிக்கொண்டு போவதும் கொஞ்சம் குறைவு. :)

டாக்லண்ட்ஸ்காரன்
கார்கோவுக்கு அங்கேயும் 3,000 தானே தம்பி!

லிஃபிக்கரை
ஹா ஹா, பிடித்துவிட்டீர்கள்.

சம்பளச்சீட்டு
இங்கேயும் 1,000 பவுண் வரம்பு என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வரிச் சட்டத்தில் இருந்ததில்லை. அதற்கு மேல் போனால் கம்பனிக்கு நுகர்வோர் கடன் அனுமதி தேவை என்பதால் வந்த வரம்பு. 2019-இல் அரசு வழிகாட்டலைத் திருத்தியது. அனுமதி வைத்திருக்கும் திட்ட நிறுவனம் மூலமாகப் போனால் மேலே போகலாம். இ-பைக்குகள் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் பல கம்பனிகள் தங்கள் அளவில் 1,000 என்றே வைத்திருக்கின்றன. தம்பி, உங்கள் 1,200 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்ட்மிதி
வரிக் கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது, பாதையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஈஸ்ட் ஹாமிலிருந்து கிரீன்வே ஏறுங்கள். பெக்டனிலிருந்து விக்டோரியா பார்க் பக்கம் வரை போகும் உயரமான பாதை, கார் கிடையாது. அடியில் ஓடுவது லண்டனின் வடக்குச் சாக்கடைக் குழாய், விக்டோரியா காலத்தில் பொறியாளர் பாசல்கெட் கட்டியது. வெயில் நாளில் சில இடங்களில் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினால் சைக்கிள்வே 2. போ, மைல் எண்ட், வைட்சாப்பல் வழியாக நேரே ஆல்ட்கேட். பெரும்பகுதி கல் தடுப்பு போட்ட தனிப் பாதை. பஸ் நிறுத்தங்களில் பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் வளையும். பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருவார்கள், பிரேக்கில் விரல் இருக்கட்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது கிரீன்வேயில் ஆள் நடமாட்டம் குறைவு, நான் ரோட்டு வழியாகத்தான் வருவேன்.

இ-பைக் எண்ணம் வந்தால் ஒன்று: 2025 மார்ச் 31-இலிருந்து மடிக்க முடியாத இ-பைக்கை ட்யூபிலோ டி.எல்.ஆரிலோ எலிசபெத் லைனிலோ ஏற்ற முடியாது, பேட்டரி தீப்பிடிக்கும் பயத்தில் தடை செய்துவிட்டார்கள். மழை வந்தால் ரயிலில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 15.5 மைல், அதற்கு மேல் மோட்டார் தள்ளினால் சட்டப்படி அது மோட்டார் சைக்கிள்.

ஈஸ்ட்ஹாம்வாசி
எல்லோருக்கும் நன்றி. ஹெச்.ஆரிடமிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. வரம்பு 1,000 தான். நீட்டித்த வாடகை உண்டு, 7%. வேலையை விட்டால் பாக்கி முழுவதும் கடைசிச் சம்பளத்தில். மில்டன்கீன்ஸ் அண்ணன் சொன்னதை யோசித்தேன். டீமில் நடக்கும் மாற்றம் ஜனவரியில் தெரிந்துவிடும், அதுவரை கையெழுத்துப் போடப் போவதில்லை. இடையில் கடையில் போன வருட மாடல் ஏதாவது இறங்கினால் காசு கொடுத்தே வாங்கிவிடுவேன். இரண்டு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டறை அண்ணா, ஃபிரேமில் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், கடைக்காரரே சிரித்துவிட்டார்.

குரோய்டன்பட்டறை
சிரித்தால் அவருக்கு வேலை தெரியும். அங்கேயே வாங்குங்கள்.

ஷிஃப்ட்முடிந்தது
மேனேஜரிடம் கடன் கேட்டேன். “இதுவரை யாரும் கேட்டதில்லை, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்றார். மறுக்கவில்லை. அண்ணா, கேட்டு எழுதும் கடிதத்துக்கு ஏதாவது மாதிரி இருக்கிறதா?

சம்பளச்சீட்டு
தனிச் செய்தியில் அனுப்புகிறேன் அக்கா. தொகை, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, வேலையை விட்டால் என்ன என்று நான்கு வரி போதும். நீளமாக எழுதினால் படிக்க மாட்டார்கள்.

பழையபேட்டை
அப்படியே எனக்கும் ஒன்று சொல்லுங்கள். முதுகுப் பையா, பக்கப் பையா?

குரோய்டன்பட்டறை
பக்கப் பை. முதுகு வேர்க்காது. ஒரே பக்கம் பாரத்தை ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.